பழைய கொதிகலனுக்குப் புதிய குழாய்



பங்சார் என்ற பெயரைக் கேட்டதும் இன்றைய பிள்ளைகளுக்குக் கடைவீதிகளும் மாடி வீடுகளுமே நினைவுக்கு வரும். ஆனால் பங்சாரும் ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த இடந்தான். 1906-ஆம் ஆண்டில் இலண்டனில் அமைக்கப்பெற்ற கோலாலம்பூர் ரப்பர் கம்பெனியின் தோட்டங்களுள் ஒன்று இங்கே இருந்தது. பங்ஞ், கிரிசார் என்னும் இரண்டு ஐரோப்பியரின் பெயர்கள் சேர்ந்தே 'பங்சார்' ஆயிற்று என்பது வழங்கிவரும் செய்தி. பால்மரங்கள் நின்ற அந்த வட்டாரத்தில் பின்னர் ஒரு மின்சார நிலையமும் எழுந்தது. அது நீராவியால் இயங்கிய நிலையம். 1949-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் மத்திய மின்சார வாரியம் அமைந்தபோது, அதன் பொறுப்புக்கு வந்த நிலையங்களுள் பங்சார் நீராவி நிலையமும் ஒன்று. அதன் ஆற்றல் 26.5 மெகாவாட். 1953-இல் கிள்ளானில் கன்னாட் பாலத்து மின் நிலையம் வந்தது. அதுவும் நீராவியால் இயங்கியதே. பத்து ஆராங் சுரங்கங்களில் நம்மவர்களும் சேர்ந்து வெட்டி எடுத்த நிலக்கரி, ரயில் எஞ்சின்களுக்கும் மின் நிலையங்களுக்கும் எரிபொருளாயிற்று.

அந்தச் சுரங்கங்கள் 1960-இல் மூடப்பட்டன. பங்சாரில் இருந்த நீராவி நிலையமும் இன்று இல்லை. பங்சாரில் இன்று நிற்பது தேசிய மின்சார நிறுவனத்தின் தலைமையகம். ஆனால் நீராவிக் கொதிகலன், அதாவது நாம் 'பாய்லர்' என்று சொல்லும் சாதனம், நம்முடைய வாழ்க்கையை விட்டுப் போய்விடவில்லை. 1917-இல் கோலசிலாங்கூருக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் செம்பனை வணிகப் பயிராக ஊன்றப்பட்டது. அதற்குப் பின் செம்பனை பரவிய இடமெல்லாம் எண்ணெய் ஆலையும் எழுந்தது. எண்ணெய் ஆலை என்றால் அங்கே கொதிகலன் இருந்தே ஆகவேண்டும். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வேலைக்கு வந்த நம் பிள்ளைகள் பலரும் மருத்துவமனைகளிலும், தங்கும் விடுதிகளிலும், சலவைக் கூடங்களிலும், உணவு தயாரிக்கும் தொழிற்சாலைகளிலும் கொதிகலனுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

ஆகவே இன்று நாம் பேசப்போவது, பழைய கொதிகலன் ஒன்றின் குழாய் பழுதுபட்டால், அதற்கு மாற்றாக எந்தக் குழாயை வாங்குவது, அதன் அளவையும் தரத்தையும் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பற்றி. "இது எஞ்சினியர்மார் பார்க்கவேண்டிய வேலை, நமக்கு எதற்கு?" என்று சிலர் எண்ணலாம். முடிவு சொல்பவர் எஞ்சினியர்தான், ஐயமில்லை. ஆனால் அந்தக் குழாய்க்கு எதிரே எட்டு மணி நேரம் நிற்பவர் நம் வீட்டு மனிதர். சரியான குழாயா, தவறான குழாயா என்பது அவருடைய உயிரைப் பற்றிய கேள்வி.

முதலில் கொதிகலன் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். கொதிகலனில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் நெருப்பின் சூடான புகை குழாய்க்குள் போகும், குழாயைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். சலவைக் கூடங்களிலும் மருத்துவமனைகளிலும் உள்ள சிறிய கொதிகலன்கள் பெரும்பாலும் இந்த வகை. மற்றொரு வகையில் தண்ணீர் குழாய்க்குள் ஓடும், நெருப்பு வெளியே எரியும். எண்ணெய் ஆலைகளில் செம்பனைப் பழத்தின் நாரையும் ஓட்டையும் எரித்து நீராவி எடுக்கும் பெரிய கொதிகலன்கள் இந்த இரண்டாம் வகை. அந்த நீராவி முதலில் மின்சாரம் எடுக்கும் சுழலியைச் சுற்றுகிறது. பிறகு அழுத்தம் குறைந்து, பழக்குலைகளை வேகவைக்கும் கலத்துக்குப் போகிறது.

வீட்டிலே பிரஷர் குக்கரில் சமைக்கும் தாய்மார்களுக்கு நீராவியின் குணம் நன்றாகத் தெரியும். மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டால், பார்ப்பதற்கு ஏறக்குறைய அதே அளவில் இருக்கும் வேறு வளையத்தைப் போட்டு யாராவது அடுப்பில் ஏற்றுவார்களா? ஏற்றினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. குக்கரில் இருக்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு. எண்ணெய் ஆலைக் கொதிகலனிலோ அது 300 பவுண்டு வரை இருக்கும்.

இந்த 300 பவுண்டு என்பதன் பொருளைக் கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு அங்குல வெளிவிட்டமுள்ள ஒரு குழாயை எடுத்துக்கொள்வோம். அதன் உட்புற அகலம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் அங்குலம். அதில் ஓர் அடி நீளத்தை மட்டும் பார்த்தால், அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்க முயலும் விசை 6,200 பவுண்டுக்கும் மேல். அதாவது ஏறக்குறைய மூன்று டன். இந்த மூன்று டன்னைத் தடுத்து நிற்பவை, குழாயின் இரண்டு பக்கச் சுவர்கள் மட்டுமே. ஒவ்வொரு சுவரின் தடிப்பும் மூன்றேகால் மில்லிமீட்டர்தான்! சுவர் பாதியாகத் தேய்ந்தால், எஃகின் மேல் விழும் சுமை இரண்டு மடங்காகும். இன்னொன்றும் உண்டு. அடைபட்டிருந்த சூடான தண்ணீர் திடீரென்று வெளியேறி நீராவியாக மாறும்போது பல நூறு மடங்கு பெருகும். கொதிகலன் வெடித்தால் கட்டடமே பெயர்ந்து போவது இதனால்தான்.

அளவு தவறினால் என்ன நேரும் என்பதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1865-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள், அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் சென்றுகொண்டிருந்த சுல்தானா என்னும் நீராவிக் கப்பலின் கொதிகலன்கள் வெடித்தன. 376 பேர் ஏறக்கூடிய அந்தக் கப்பலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வழியில் ஒரு கொதிகலன் கசிந்தபோது, அவசரம் அவசரமாக ஒட்டுப் போட்டிருந்தார்கள். ஒட்டுப் போட்ட தகடு, பழைய தகட்டைவிட மெல்லியது. அளவு மீறிய பாரம், கொதிகலனில் தண்ணீர் குறைந்தது என்று வேறு காரணங்களும் சொல்லப்பட்டன. ஆயினும் மெல்லிய தகட்டுக்கு ஏற்றபடி அழுத்தத்தைக் குறைக்காமல் பழைய அழுத்தத்திலேயே ஓட்டியது பெரும்பிழை என்பது பலருடைய கருத்து.

1905-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள், அதே அமெரிக்காவில் பிராக்டன் என்னும் ஊரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் பழைய கொதிகலன் வெடித்து 58 தொழிலாளர்கள் இறந்தனர். அதற்குப் பிறகுதான் அந்த மாநிலம் 1907-இல் கொதிகலன் சட்டம் இயற்றியது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமும் கொதிகலனுக்கான முதல் விதிநூலை உருவாக்கியது. அதன் முதல் பதிப்பு 1914-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இன்று நாம் குழாயின் மேல் காணும் எழுத்துகளும் எண்களும் இப்படி வந்தவையே. அவை தொழிலாளர்கள் உயிர் கொடுத்து வாங்கிய எண்கள்.

இனி, நம்முடைய கேள்விக்கு வருவோம். முப்பது நாற்பது ஆண்டுகள் ஓடிய ஒரு கொதிகலன். ஒரு குழாய் கசிகிறது. செய்த கம்பெனி வேறொரு கம்பெனியோடு சேர்ந்துவிட்டது, அல்லது மூடப்பட்டுவிட்டது. வரைபடத்தைக் கரையான் தின்றுவிட்டது. இப்போது மாற்றுக் குழாயின் விவரத்தை எங்கே தேடுவது?

பலரும் செய்வது, கழற்றிய பழைய குழாயைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவது. "இதே மாதிரி ஒன்று கொடுங்கள்" என்று கேட்பது. நேயர்களே, இது சரியான வழியன்று. பழைய குழாய் நெருப்பில் வெந்து, உள்ளே அரித்து, வெளியே தேய்ந்து போனது. அதை அளந்தால் கிடைப்பது தேய்ந்த அளவு. அதே தேய்ந்த அளவில் புதுக்குழாய் வாங்கினால், முதல் நாளே பாதி ஆயுள் போன குழாயைப் பொருத்தியதாகும். அதுமட்டுமல்ல, அந்தப் பழைய குழாயே பத்து ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் தவறாகப் பொருத்தியதாகவும் இருக்கலாம். ஆகவே தேடலைத் தாளிலிருந்து தொடங்கவேண்டும்.

முதல் தாள், கொதிகலனின் உடம்பிலேயே இருக்கிறது. அதுதான் பெயர்த்தகடு. செய்தவர் பெயர், வரிசை எண், செய்த ஆண்டு, அனுமதிக்கப்பட்ட அழுத்தம், சோதித்த அழுத்தம், எந்த விதிநூலின்படி செய்யப்பட்டது என்பன அதில் பொறிக்கப்பட்டிருக்கும். ஆண்டுதோறும் சாயம் பூசிப் பூசி எழுத்து மறைந்திருக்கலாம். சாயத்தை மெல்லச் சுரண்டி, மேலே ஒரு காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து தெரியும். பள்ளிப் பிள்ளைகள் காசின் மேல் காகிதம் வைத்துத் தேய்ப்பார்களே, அதே முறைதான்.

இரண்டாவது தாள், அரசாங்கத்திடம் இருக்கிறது. நம் நாட்டில் ஒவ்வொரு நீராவிக் கொதிகலனுக்கும் 'பி.எம்.டி.' என்ற எழுத்துகளைக் கொண்ட பதிவு எண் உண்டு. வேலையிடப் பாதுகாப்பு சுகாதார இலாகா, அதாவது ஜே.கே.கே.பி. என்று நாம் சொல்லும் இலாகா, அந்த எண்ணின்கீழ்தான் கொதிகலனைப் பதிவு செய்கிறது. அதன் வரலாறும் அந்த எண்ணைச் சுற்றித்தான் இருக்கும். சிலாங்கூரில் கொதிகலனுக்கென்று தனிச் சட்டம் 1892-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. பிறகு தொழிற்சாலை இயந்திரச் சட்டம் 1967-இல் இயற்றப்பட்டு 1970-இல் நடைமுறைக்கு வந்தது. 2024-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளோடு அந்தச் சட்டம் நீக்கப்பட்டு, 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு சுகாதாரச் சட்டத்தின்கீழ் எல்லாம் கொண்டுவரப்பட்டன. சட்டத்தின் பெயர் மாறினாலும், கொதிகலனுக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்ற விதி மாறவில்லை. ஆகவே ஆலையின் அலுவலகத்தில் பழைய சான்றிதழ்கள், பழைய பழுதுபார்ப்புக் கடிதங்கள், பழைய வரைபடங்கள் இவற்றைத் தேடவேண்டும். கிடைக்காவிட்டால் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு இலாகாவை நாடவேண்டும். வரிசை எண்ணைக் குறிப்பிட்டு, செய்த கம்பெனியின் வாரிசு கம்பெனிக்கும் எழுதிக் கேட்கலாம்.

தாள் கிடைத்த பிறகுதான் அளவு எடுக்கும் வேலை. தாளில் உள்ளதும் கொதிகலனில் உள்ளதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதற்காகவே இது. குழாயின் வெளிவிட்டத்தை ஒரே இடத்தில் அளக்காமல் பல இடங்களில் அளக்கவேண்டும். சுவரின் தடிப்பை நெருப்புப் படாத பகுதியில் அளக்கவேண்டும். அங்கேதான் தேய்மானம் குறைவு. ஆனால் குழாயின் நுனியில் அளக்கக்கூடாது. ஏனென்றால், குழாயைத் துளையில் இறுக்குவதற்காக நுனியை உருளைக்கருவியால் விரித்திருப்பார்கள். விரித்த இடத்தில் சுவர் மெலிந்திருக்கும். குழாய் நுழையும் துளையின் அளவையும் பார்க்கவேண்டும். துளை, குழாயைவிட ஓர் அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்குக்கு மேல் பெரிதாக இருக்கலாகாது என்பது அமெரிக்க விதிநூலின் கணக்கு. பலமுறை குழாய் மாற்றிய பழைய கொதிகலனில் துளை பெரிதாகியிருக்கும். அதையும் குறித்துக்கொள்ளவேண்டும். வளைந்த குழாயாக இருந்தால், வளைவை அப்படியே தரையில் வரைந்து வைத்துக்கொள்வது நல்லது.

இங்கே மூன்று பொறிகள் உண்டு. அனுபவசாலிகளும் விழக்கூடிய பொறிகள்.

முதல் பொறி, 'இரண்டு அங்குலம்' என்ற சொல். கொதிகலன் குழாயை வெளிவிட்டத்தால் அளப்பார்கள். இரண்டு அங்குலக் கொதிகலன் குழாய் என்றால் வெளிவிட்டம் சரியாக 50.8 மில்லிமீட்டர். ஆனால் தண்ணீர்க் குழாயை உள்துளையின் பெயரால் சொல்வார்கள். கடையில் கிடைக்கும் இரண்டு அங்குலத் தண்ணீர்க் குழாயின் வெளிவிட்டம் 60.3 மில்லிமீட்டர். பெயர் ஒன்று, பொருள் வேறு. தண்ணீர்க் குழாயைக் கடைந்து மெலிதாக்கிக் கொதிகலனில் செருகினால், அது தெரிந்தே உயிரோடு விளையாடுவதாகும். அதன் எஃகு கொதிகலனுக்காகச் சோதிக்கப்பட்டதன்று.

இரண்டாவது பொறி, 'கேஜ்' எண். பழைய பிரிட்டிஷ் வரைபடங்களில் சுவரின் தடிப்பை மில்லிமீட்டரில் எழுதமாட்டார்கள். '10 கேஜ்', '8 கேஜ்' என்று எழுதியிருப்பார்கள். இந்தக் கேஜில் எண் கூடினால் தடிப்பு குறையும். 12 கேஜ், 10 கேஜைவிட மெல்லியது. "பன்னிரண்டு பெரிய எண்தானே, தடிப்பாக இருக்கும்" என்று வாங்கினால், சுவர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மெலிந்துவிடும். அதோடு கேஜிலும் இரண்டு வகை. ஒன்று பிரிட்டிஷ் கம்பி கேஜ், மற்றொன்று பர்மிங்ஹாம் கேஜ். முதல் கணக்கில் 10 கேஜ் என்பது 3.25 மில்லிமீட்டர். இரண்டாவது கணக்கில் அதே 10 கேஜ் 3.40 மில்லிமீட்டர். 8 கேஜ் என்றால் ஒன்றில் 4.06, மற்றதில் 4.19. ஆகவே வெறும் 'கேஜ்' என்று எழுதி ஆர்டர் கொடுக்காமல், எந்தக் கேஜ் என்று தெரிந்துகொண்டு மில்லிமீட்டரில் எழுதவேண்டும்.

மூன்றாவது பொறி, புகை குழாய்க்குள் போகும் வகைக் கொதிகலனில் இருக்கிறது. அங்கே குழாய்கள் எல்லாம் ஒன்றுபோல் தெரியும். ஆனால் அவற்றுள் சில, வெறும் சூடு கடத்தும் குழாய்கள் அல்ல. அவை முன்தகட்டையும் பின்தகட்டையும் இழுத்துப் பிடித்து நிற்கும் தாங்குகுழாய்கள். வீட்டுக் கூரையை உத்திரம் தாங்குவதுபோல் அவை தகடுகளைத் தாங்குகின்றன. அவற்றின் சுவர் தடிப்பானது. நுனியில் திருகுமரை வெட்டியோ பற்றவைத்தோ பிணைத்திருப்பார்கள். தாங்குகுழாயை எடுத்துவிட்டுச் சாதாரணக் குழாயைப் போட்டால், தகடு பிதுங்கிப் பெருவிபத்துக்கு வழிவகுக்கும். எந்த வரிசையில் எந்தக் குழாய் என்று வரைபடம் எழுதி வைத்துக்கொண்டுதான் கழற்றவேண்டும்.

அளவு முடிந்தது. இனி எஃகின் தரம். குழாயின் அளவைக் கண்ணால் பார்க்கலாம், தரத்தைப் பார்க்க முடியாது. அதனால்தான் ஒவ்வொரு நாடும் தரத்துக்கு ஓர் எண் கொடுத்திருக்கிறது. பிரிட்டிஷ் கொதிகலன்களின் பழைய வரைபடத்தில் பி.எஸ். 3059 என்றிருக்கும். ஜெர்மன் வரைபடமானால் டின் 17175, எஸ்.டி. 35.8 என்றிருக்கும். அமெரிக்க வரைபடமானால் எஸ்.ஏ. 192 அல்லது எஸ்.ஏ. 210 என்றிருக்கும். ஜப்பானிய வரைபடமானால் ஜே.ஐ.எஸ். ஜி 3461, எஸ்.டி.பி. 35 என்றிருக்கும்.

இவற்றுள் சில எண்கள் இன்று மாறிவிட்டன. ஜப்பானியரின் எஸ்.டி.பி. 35 இப்போது எஸ்.டி.பி. 340 என்று எழுதப்படுகிறது. எஃகு மாறவில்லை, அளக்கும் அலகுதான் மாறியது. முன்பு கிலோகிராமில் சொன்னதை இப்போது நியூட்டனில் சொல்கிறார்கள். ஜெர்மானியரின் எஸ்.டி. 35.8 இருந்த இடத்தில் இன்று ஈ.என். 10216-இன் இரண்டாம் பகுதியும், அதில் பி 235 ஜி.எச். என்ற தரமும் வந்துள்ளன. இரண்டுக்கும் குறைந்தபட்ச இழுவிசை வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 360 நியூட்டன். பிரிட்டிஷ் பி.எஸ். 3059-இன் இரண்டாம் பகுதியில் உள்ள 360 என்ற தரமும் அதே வலிமை. ஆனால் அதே பி.எஸ். 3059-இன் முதற்பகுதியில் உள்ளது 320 தரம். முதற்பகுதிக் குழாயை, இரண்டாம் பகுதிக் குழாய் கேட்கும் இடத்தில் போடலாகாது. இரண்டாம் பகுதிக் குழாய், உயர்ந்த சூட்டில் எவ்வளவு தாங்கும் என்பதற்கும் பொறுப்பேற்றுச் செய்யப்பட்டது. முதற்பகுதிக் குழாய்க்கு அந்தப் பொறுப்பு இல்லை. ஆகவே 'பி.எஸ். 3059' என்று மட்டும் எழுதினால் போதாது. பகுதியையும் தரத்தையும் எழுதவேண்டும். தையலற்ற குழாயா, பற்றவைத்த குழாயா என்பதையும் எழுதவேண்டும்.

"அப்படியானால் இருப்பதிலேயே வலிமையான, தடிப்பான குழாயைப் போட்டுவிட்டால் பயமில்லையே?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் பதில் 'இல்லை' என்பதுதான். குழாயின் நுனியை விரித்துத் துளையில் இறுக்கவேண்டும் அல்லவா? அதற்குக் குழாய் தகட்டைவிட மென்மையாக இருக்கவேண்டும். அளவுக்கு மீறி வலிமையான எஃகு விரியாது. விரித்தால் வெடிப்பு விழும், அல்லது துளையைக் கெடுக்கும். சுவர் அதிகம் தடித்தால், உள்ளே தண்ணீர் ஓடும் வழி குறுகும். நெருப்புப் பக்கத்துச் சுவர் அதிகம் சூடாகும். அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு என்பது குழாய்க்கும் பொருந்தும். சிறிதளவு தடிப்பைக் கூட்டலாமா என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்லவேண்டியவர் எஞ்சினியர்.

குழாய் வந்து இறங்கியவுடன் பார்க்கவேண்டியது ஒன்று உண்டு. நல்ல கொதிகலன் குழாயோடு, செய்த ஆலையின் சோதனைச் சான்றிதழ் வரும். அதில் எஃகு உருக்கிய உலை எண், அதில் அடங்கிய பொருள்களின் விகிதம், இழுத்துச் சோதித்த வலிமை ஆகியவை எழுதப்பட்டிருக்கும். அதே உலை எண் குழாயின் மேலும் அச்சிடப்பட்டிருக்கும். தாளில் உள்ள எண்ணும் குழாயில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் அது அந்தக் குழாயின் சான்றிதழ். இல்லாவிட்டால் அது வெறும் காகிதம். இந்த எண்களை ஒப்பிட எஞ்சினியர் பட்டம் தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் பார்க்கலாம். குழாயை வெட்டும்போது எண் இருக்கும் துண்டு போய்விடாமல், மற்றத் துண்டுகளிலும் அதே எண்ணை எழுதி வைக்கவேண்டும்.

தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளிக்கு அருகே பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை 1965 முதல் இயங்கி வருகிறது. தையலற்ற எஃகுக் குழாய் செய்யும் ஆலையும் அங்கே உண்டு. நம் இனத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அங்கே இந்தத் தொழிலைக் கற்றுத் தேர்ந்திருக்கிறார்கள். நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் இது எட்டாத கல்வியன்று.

குழாயை மாற்றுவதோடு வேலை முடிந்துவிட்டதா? இல்லை. பழைய குழாய் ஏன் கெட்டது என்று கேட்கவேண்டும். கொதிகலனுக்குள் நெருப்பின் சூடு ஆயிரம் டிகிரி செல்சியசைத் தாண்டும். ஆனால் 300 பவுண்டு அழுத்தத்தில் தண்ணீர் கொதிப்பது சுமார் 217 டிகிரியில். அந்தத் தண்ணீர் இடைவிடாமல் சூட்டை வாங்கிக்கொண்டு போவதால்தான் எஃகு உருக்குலையாமல் நிற்கிறது. குழாய்க்குள் சுண்ணம்போல் உப்புப் படிந்துவிட்டால், தண்ணீர் எஃகைத் தொட முடியாது. வெந்நீர்க் கெண்டியின் அடியில் படியும் வெள்ளைப் படிவை வீட்டிலே பார்த்திருப்பீர்கள். அதுவே குழாய்க்கு எமன். சூடு தாங்காமல் குழாய் உப்பி, மீன்வாய் பிளந்ததுபோல் கிழியும். பிளந்த ஓரம் கத்திமுனைபோல் மெலிந்திருந்தால், திடீர்ச் சூட்டால் கிழிந்தது என்று ஊகிக்கலாம். ஓரம் தடித்திருந்தால், பல நாள் சூட்டில் வெந்து களைத்தது என்று ஊகிக்கலாம். உள்ளே அம்மைத் தழும்புபோல் குழிகள் இருந்தால், தண்ணீரில் கலந்த பிராணவாயு அரித்திருக்கிறது. ஆகவே கழற்றிய குழாயைப் பழைய இரும்புக்காரனிடம் உடனே தள்ளிவிடாமல், கெட்ட பகுதியை வெட்டி வைத்துச் சோதிக்கச் செய்யவேண்டும். காரணத்தைத் தீர்க்காமல் குழாயை மட்டும் மாற்றினால், ஓட்டைப் பானையில் நீர் ஊற்றிய கதையாகும்.

அழுத்தம் தாங்கும் பகுதியில் செய்யும் எந்தப் பழுதுபார்ப்பும் அதிகாரிகளுக்குத் தெரியாமல் நடக்கக்கூடாது. தகுதி பெற்றவர்களைக் கொண்டு செய்து, தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை நடத்தி, அதன் பிறகே நெருப்பு மூட்டவேண்டும். "பழக்குலை தேங்குகிறது, இன்றிரவே ஓட்டியாகவேண்டும்" என்ற அவசரம் எண்ணெய் ஆலையில் எப்போதும் உண்டு. பழத்தைக் காக்கவைத்தால் எண்ணெயின் தரம் குறையும், உண்மைதான். ஆனால் போன எண்ணெயை அடுத்த வாரம் எடுக்கலாம். போன உயிரை எடுக்க முடியுமா?

தொழிலாளத் தோழர்களே, கொதிகலன் பக்கத்தில் வேலை செய்பவர் அச்சமின்றிக் கேட்கக்கூடிய கேள்விகள் சில உண்டு. பதிவு எண்ணும் தகுதிச் சான்றிதழும் கண்ணில் படும்படி இருக்கின்றனவா? சான்றிதழின் காலம் முடிந்துவிட்டதா? புதுக்குழாயின் சான்றிதழ் வந்ததா? உலை எண் ஒத்திருக்கிறதா? சோதனை நடந்ததா? இப்படிக் கேட்பது மேலதிகாரியை எதிர்ப்பதாகாது. கொதிகலன் வெடித்தால் மேலதிகாரிக்கும் ஆபத்துத்தான். மரியாதையாகக் கேட்டு, பதிலை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். எந்தக் குழாய், எந்த வரிசை, என்ன அளவு, என்ன தரம், என்றைக்கு மாற்றியது என்று எழுதி வைத்தால், இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் நிற்கப்போகும் பிள்ளைக்கு அது பெரிய உதவி. தேடித் திரியும் துன்பம் அவனுக்கு இருக்காது.

பெற்றோர்களே, கணக்கிலும் அறிவியலிலும் ஆர்வமுள்ள பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், கொதிகலன் இயக்கும் தகுதிச் சான்றிதழைப் பற்றி விசாரியுங்கள். இரண்டாம் தரத்தில் தொடங்கி முதல் தரத்துக்கு உயரலாம். பற்றவைக்கும் தொழில், குழாயைச் சோதிக்கும் தொழில், பரிசோதகர் பதவி என்று அதற்குமேலும் படிகள் இருக்கின்றன. பங்சாரில் கொதிகலனுக்கு நிலக்கரி தள்ளியவர் யார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அடுத்த கொதிகலனின் பதிவேட்டில், அதைப் பரிசோதித்துக் கையெழுத்திட்டவராக நம் பிள்ளையின் பெயர் இருக்கலாம்.

பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு குழாய்களுக்கிடையே ஒரு குடும்பத்தின் வாழ்வும் தாழ்வும் அடங்கியிருக்கிறது. அவற்றைப் பிரித்துக் காட்டுவது நான்கைந்து எழுத்துகளும் எண்களும்தான். அவற்றைப் படித்துப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்லிக் கொடுங்கள்.